கூலி மரக்கால்

விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில் 1916இல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர் ஒருவர் கணக்கெடுத்தார். 1980களிலும் 2008இலும் ஆய்வாளர்கள் மறுபடி வந்தார்கள். எங்கள் சேரியை யாரும் கணக்கெடுத்ததில்லை. நானே சொல்கிறேன்.

தாத்தா படியாள், கூலி நெல். “ஆண்டை வாங்குற மரக்கா வேற, நமக்கு அளக்குற மரக்கா வேறடா” என்பார். 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1976இல் சம ஊதியச் சட்டம். இரண்டும் வரப்பு தாண்டவில்லை. திண்டிவனம் பக்கம் மல்லாட்டை பிடுங்கிய அம்மாவுக்கு அப்பா கூலியில் பாதிதான்.

2006இல் நூறு நாள் வேலை முதல் கட்டத்திலேயே விழுப்புரத்துக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 80 ரூபாய்.

“ஒங்கப்பனுக்கும் எம்பது, எனக்கும் எம்பது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது அம்மா. ஆளே கிடைக்கலையென்று ஆண்டைகள் புலம்பினார்கள். வேண்டாமென்று சொல்ல இன்னொரு வேலை இருந்த பிறகுதான் எங்கள் ஊரில் வயல் கூலி ஏறியது.