செப்பேடு முதல் வரைபடம் வரை: பாம்பன் கரையில் கட்டட அனுமதியின் வரலாறு

வீடோ பள்ளிவாசலோ கட்டுமுன் அரசின் இசைவைப் பெற வேண்டும் என்பதை நம்மில் பலர் அண்மைக்காலத் தொல்லையாகவே கருதுகிறோம். நகராட்சியும் வரைபடமும் கட்டணச் சீட்டும் வருமுன் நம் முன்னோர் நினைத்த இடத்தில் நினைத்தவாறு கட்டினார்கள் என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. சேதுக் கரையின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் இணைக்கும் குறுகிய வாயில் பாம்பன் கால்வாய். அதன் இருமருங்கும் சேதுபதிகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. தோணி கடக்கவும், பண்டகசாலை எழுப்பவும், தொழுகைக்கு இடம் அமைக்கவும் அம்மன்னர்களின் ஆதரவு வேண்டியிருந்தது. சேதுபதிகள் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் நிலக்கொடை அளித்தனர். ஏர்வாடி தர்கா அதற்கு நாடறிந்த சான்று. இத்தகைய கொடைச் செப்பேடுகள் நிலத்தின் நான்கெல்லையை விரிவாகக் கூறும். வருவாய் எதற்குரியது, பொறுப்பு யாருடையது என்பதைக் குறிக்கும். அறத்திற்குக் கேடு செய்பவர் அடையும் பாவத்தையும் சொல்லி முடிக்கும். கடைசிப் பகுதியை நீக்கிவிட்டால், இன்றைய விண்ணப்பப் படிவம் கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியை வள்ளல் சீதக்காதி கட்டினார் என்பது ஊர் வழக்கு. அவர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிழவன் சேதுபதி காலத்தில் வாழ்ந்தவர். அப்பள்ளியின் கற்றூண்களையும் போதிகைகளையும் தட்டையான கல் மேற்கூரையையும் பார்ப்பவர், இது இந்த மண்ணின் கல்தச்சர் மரபு என்பதை உடனே அறிவர். உருவங்கள் இல்லை, பூவும் கொடியும் வடிவக் கோலங்களும் உண்டு. டெல்லியையோ ஆக்ராவையோ நோக்காமல், இராமேசுவரம் பிரகாரத்தை எழுப்பிய அதே கைத்தொழில் மரபிலிருந்து நம் முன்னோர் தங்கள் இறையில்லத்தை அமைத்துக்கொண்டனர். காயல்பட்டினத்திலும் இம்மரபைக் காணலாம்.

வீடுகளுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. காயல்பட்டினத்தில் பெண்கள் அயலாரின் பார்வை படாமல் சென்றுவர விடப்பட்ட முடுக்குகளை நினைத்துப் பாருங்கள். எந்த நகராட்சியும் அவற்றை ஆணையிட்டு உருவாக்கவில்லை. ஒருவர் தம் மனையில் சிறிது விட்டுக்கொடுக்க, அண்டை வீட்டார் அதைத் தொடர, வழி உருவாயிற்று. ஒருவர் மற்றவருக்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு, சன்னல் எங்கே திறக்கலாம், பொதுச் சுவரின் பொறுப்பு யாருடையது, மழைநீர் எவ்வழி செல்லலாம் என்றெல்லாம் ஃபிக்ஹு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். 14-ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி என்னும் கட்டடக் கலைஞர் இவ்வகை வழக்குகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். காழிக்குத் துணையாகச் சென்று சுவரைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர் அவர்.

ஆங்கிலேயர் காலத்தில் இசைவு அளிக்கும் கை மாறியது. 1803-இல் இராமநாதபுரம் ஜமீனாயிற்று. 1920-இல் சென்னை மாகாணத்திற்கு நகரமைப்புச் சட்டமும் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இயற்றப்பட்டன. விடுதலைக்குப் பின் 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் விதியொன்று இவற்றின் வழித்தோன்றல்களில் இருக்கிறது. நகராட்சிப் பகுதிகளுக்கான 1972-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும், ஊராட்சிகளுக்கான 1997-ஆம் ஆண்டு விதிகளும், பொது வழிபாட்டுக்குரிய கட்டடம் எதுவாயினும் மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதல் வேண்டும் என்றன. பாம்பன் ஊராட்சி, கீழக்கரை நகராட்சி. இரண்டிலும் நிலை ஒன்றே. கோயிலுக்கும் தேவாலயத்திற்கும் இதே விதிதான் என்றாலும், ஒப்புதலுக்காக நீதிமன்றப் படி ஏறிய ஜமாஅத்துகள் தமிழ்நாட்டில் பல.

தீவில் வேறு தடைகளும் உண்டு. 1991 பிப்ரவரி 19-இல் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இருபுறமும் கடல் சூழ்ந்த பாம்பனுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2011-இலும் 2019-இலும் அறிவிக்கை திருத்தி எழுதப்பட்டது. இன்னொன்று பழைய வீடுகளைப் பழுதுபார்ப்போர் உணர்ந்தது. இக்கரையில் பவளக்கல்லும் அதைச் சுட்டெடுத்த சுண்ணாம்பும் நெடுங்காலம் கட்டுமானப் பொருள்களாக இருந்தன. 2001-இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடலைக் காக்க இது தேவையான சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பவளக்கல் சுவர் இடிந்தால் அதே பொருளால் அதைச் சீரமைக்க இனி இயலாது. சிமெண்ட் பூசினால் உப்பு ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளிருந்தே உதிர்கிறது. பலர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனை அனுமதிகளுள் எதுவும், இடிக்கப்படும் கட்டடம் எத்தனை தலைமுறை பழையது என்று கேட்பதில்லை. 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும், அறிவிக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுக்கின்றன. பட்டியலில் இல்லாத கட்டடத்திற்கு அவை காவலில்லை. நம் கரையின் பழைய பள்ளிகளில் பெரும்பாலானவை பட்டியலுக்கு வெளியேதான் நிற்கின்றன. பட்டியலில் சேர்க்கக் கோருவதற்கும் தயக்கம் உண்டு. அதிகாரம் கைமாறிவிடுமோ என்னும் அச்சம் பழையது. 2025-ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்த இடத்தைப் பின்னர் வக்ஃபு என அறிவித்திருந்தால் அவ்வறிவிப்பு செல்லாது என்கிறது. அது முன்பே வக்ஃபாக அறிவிக்கப்பட்ட பள்ளிகளைப் பற்றிய விதி அன்று. ஆயினும் அச்சத்தை அது குறைக்கவில்லை.

பட்டியலுக்குள் வந்த நம் மக்களின் பகுதி ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்தும் இராமநாதபுரம் சீமையிலிருந்தும் சென்ற தமிழ் முஸ்லிம்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வேரூன்றினர். 1801-இல் அவர்களின் தலைவர் காதர் முகைதீனிடம் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்காகப் பதினெட்டு ஏக்கர் நிலம் அளித்தது. அதுவே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1905-இல் வந்த அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அதன் வக்ஃபு நிலங்கள் அரசு வாரியத்தின் மேற்பார்வைக்குச் சென்றன. 1910-ஆம் ஆண்டளவில் கட்டடக் கலைஞர் ஒருவர் பள்ளியை மாற்றியமைத்தார். 1930-களில் மீண்டும் விரிவாயிற்று. இன்று உலகம் போற்றும் அக்குவிமாடங்கள் 1801-இல் இருந்தவை அல்ல. பழைமையைக் காப்பது என்றால் எந்த ஆண்டின் பழைமை என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்நகரின் அழகுக்கே ஒரு கட்டட விதிதான் மூலம். 1822-இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த திட்டம், தெருவை நோக்கிய கடைவீடுகள் தொடர்ச்சியான கூரையிட்ட நடைவழியை விடவேண்டும் என்றது. மலாயாத் தமிழர் ‘அஞ்சடி’ என்று அழைப்பது அதைத்தான். பினாங்குத் தெருக்களிலும் அது நிலைத்தது.

2008 ஜூலை 7-இல் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர்; சுற்றியுள்ள காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டேர். கட்டட உயரம் 18 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் முன்பே இசைவு பெற்றிருந்த நான்கு உயரமான விடுதித் திட்டங்களால் உடனே சர்ச்சை எழுந்தது. மையப் பகுதியில் இருந்த இரண்டும் உயரத்தைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. நகருக்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016-இல்தான் அரசிதழில் வெளியாயிற்று.

இவ்வளவு காவல் கிடைத்த இடத்தில் மக்கள் என்ன ஆனார்கள்? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1 முதல் நீங்கியது. தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. உலகப் பட்டியல் வந்தபின் கடைவீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. முகப்பைத் தொட அனுமதி வேண்டும். குடியிருப்பவரை வெளியேற்ற எந்தப் பாரம்பரிய அனுமதியும் வேண்டியதில்லை. நம் கரையிலோ நிலைமை தலைகீழ். வெளிநாட்டு வருவாயால் குடும்பங்கள் ஊரில் நிலைத்திருக்கின்றன, சுவர்கள்தான் போகின்றன. இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட தம் வீட்டை அப்துல் கலாம் எழுத்தில் விட்டுச் சென்றார். மற்ற வீடுகளுக்கு அந்த ஒரு பத்திகூட இல்லை.

எந்த அனுமதியும் தேவைப்படாத வேலை ஒன்று ஜமாஅத்துகளின் கையில் இருக்கிறது. விரிவாக்கத்திற்கு வரைபடம் தயாரிக்கும் பொறியாளரிடமே, இடிக்கப்போகும் பகுதியின் அளவு வரைபடத்தையும் கேட்டு வாங்கலாம். தூண்களின் எண்ணிக்கை, போதிகையின் வடிவம், கல்லில் உள்ள எழுத்துகள், கபுருகளின் மீசான் கற்கள், முடுக்கின் அகலம் ஆகியவற்றைப் படமெடுத்து, பழைய பத்திரங்களின் நகலோடு பள்ளியிலேயே ஒரு கோப்பாக வைக்கலாம். பழைய தூண்களை விற்காமல் புதிய கட்டடத்தின் முற்றத்திலோ ஹவுளுக்கு அருகிலோ நிறுத்தலாம். ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்லும் விண்ணப்பத்தில் இந்தக் கோப்பும் இணைந்தால், அவ்விடத்தில் எத்தனை காலமாகத் தொழுகை நடக்கிறது என்ற கேள்விக்கு ஜமாஅத்திடம் எழுத்தில் விடை இருக்கும்.