எண்ணெய் டிரம்மைப் பிளந்து விரிச்ச ஊர்

ஒரு காலி எண்ணெய் டிரம் கிடைச்சா என்ன பண்ணுவீங்க? நம்ம ஊர்ல தண்ணி பிடிச்சு வைப்போம். ரோடு போடுறவங்க தார் காய்ச்சுவாங்க. டிரினிடாட்காரங்க 1940-கள்ல அதோட அடிப்பாகத்தை அடிச்சு அடிச்சு ஸ்டீல் பேன்னு ஒரு வாத்தியமே உருவாக்கிட்டாங்க. அதே கரீபியன்ல இன்னொரு நாடு, ஹைட்டி. அங்க ஒரு ஊரே இந்த டிரம்மை வெட்டி, விரிச்சு, உளியால செதுக்கி அரை நூற்றாண்டுக்கு மேல சாப்பிட்டிருக்கு. அந்த ஊரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்கா :-)

நான் படிக்கிற மான்ட்ரியல்ல ஹைட்டிக்காரங்க நிறைய. அவங்க கடைகள்லயும் வீடுகள்லயும் சுவர்ல கருப்பா ஒரு இரும்புத் தகடு தொங்கும். மீன் வாலோட ஒரு பொண்ணு, இல்லன்னா பறவைங்க நிறைஞ்ச ஒரு மரம். மெஷின்ல வெட்டினதுன்னுதான் முதல்ல தோணும். பக்கத்துல போய் ஓரத்தைத் தடவிப் பார்த்தா உளி பட்ட தடம் வரிசையா கைக்கு அகப்படும். அந்தத் தடத்தைப் பிடிச்சுட்டுப் போனதுல கிடைச்ச கதை இது.

முதல்ல டிரம்மோட கதை

நெல்லி பிளைன்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1889-90ல 72 நாள்ல உலகத்தைச் சுத்தி வந்தவங்க. பின்னாடி கணவரோட இரும்புச் சாமான் கம்பெனியை நடத்த வேண்டி வந்துச்சு. அங்க வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான்ங்கிறவர்தான் 1905ல இரும்பு பீப்பாய்க்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நாம பார்க்கிற டிரம்முக்கு அதுதான் முன்னோடி. இரண்டாம் உலகப்போர்ல ராணுவத்துக்கு எரிபொருள் கொண்டுபோக 55 காலன், அதாவது ஏறக்குறைய 208 லிட்டர் டிரம் எல்லா இடத்துக்கும் பரவிச்சு. போர் முடிஞ்சது, டிரம் மட்டும் நின்னுடுச்சு. உலகத்துல எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் காலி டிரம் குவிஞ்சு கிடக்கும்ங்கிற நிலைமை அப்ப வந்ததுதான்.

ஹைட்டித் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்துலயும் அப்படித்தான். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ல, கரும்பு விளையுற சமவெளியில இருக்கிற ஊர் க்ருவா-தே-பூக்கே. நம்ம கதாநாயகன் அந்த ஊர்க் கொல்லர்.

ழோர்ஷ் லியோதோ

1899ல பிறந்தவர். கரும்பு ரயில் பாதையில ரிப்பேர் வேலை பார்த்துட்டு, பிறகு சொந்தமா பட்டறை போட்டார். மண்வெட்டி, கொக்கி, மாட்டுக்குச் சூடு போடுற முத்திரைக் கம்பின்னு ஊருக்கு என்ன தேவையோ அதெல்லாம் அடிச்சுக் கொடுத்தார். அதோட இன்னொண்ணும் செஞ்சார்: கல்லறைச் சிலுவை.

அந்தச் சிலுவைங்க வெறும் குறுக்குக் கம்பி இல்ல. நாலு பக்கமும் சுருள், இதயம், நட்சத்திரம்னு வளைச்சு விட்டிருப்பார். ஹைட்டியோட வோடூ வழிபாட்டுல ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு கோல வடிவம் உண்டு, பேரு வேவே. சோளமாவைக் கையில அள்ளி விரலிடுக்குல விட்டுத் தரையில போடுவாங்க. ஆமா, நம்ம கோலம் மாதிரியேதான். லியோதோவோட சிலுவையில இருந்த வளைவெல்லாம் அந்த வேவேயோட சொந்தக்காரங்க. பார்வைக்குக் கிறிஸ்தவச் சிலுவை, படிக்கத் தெரிஞ்சவனுக்கு வேற சேதி.

வோடூன்னதும் ஹாலிவுட் படத்துல வர்ற பொம்மையில ஊசி குத்துற காட்சிதான் ஞாபகம் வரும். அதைத் தூக்கி ஓரமா வைங்க. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா இழுத்துட்டு வரப்பட்ட ஜனங்க, கூடக் கொண்டுவர முடிஞ்சது தங்களோட தெய்வங்களை மட்டும்தான். அதுல ஒருத்தர் ஓகூ, இரும்புக்கும் போருக்கும் உரிய தெய்வம். மேற்கு ஆப்பிரிக்காவுல யொருபா மக்கள் ஓகூன்னு கும்பிடுற அதே சாமி. 1791ல கிளர்ந்தெழுந்து 1804 ஜனவரி 1 அன்னைக்கு பிரான்ஸ்கிட்ட இருந்து விடுதலை வாங்கின ஜனங்களுக்கு, வாளோட நிக்கிற இந்தச் சாமி சும்மா ஒரு சிலை இல்ல. 1941-42ல கத்தோலிக்கத் திருச்சபை 'மூடநம்பிக்கை ஒழிப்பு'ன்னு கிளம்பி வோடூ கோயில்களை இடிச்சு, பூசைப் பொருட்களை எரிச்சப்பவும் கல்லறைத் தோட்டத்துச் சிலுவையில அந்தக் கோலம் இருந்துட்டேதான் இருந்துச்சு.

'கண்டுபிடிப்பு'

ட்யூவிட் பீட்டர்ஸ், அமெரிக்க ஓவியர். உலகப்போர் சமயத்துல ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஹைட்டி வந்தவர், 1944ல போர்ட்-ஓ-பிரின்ஸ்ல ஒரு கலை மையம் ஆரம்பிச்சார். 1953ல க்ருவா-தே-பூக்கே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைங்க அவர் கண்ணுல பட, 'யார் செஞ்சது?'ன்னு விசாரிச்சுட்டு நேரா லியோதோ பட்டறைக்குப் போனார். முதல்ல சிலுவை, அப்புறம் சின்னச் சின்ன உருவங்கள், கடைசியா டிரம் தகட்டுல வெட்டின பெரிய உருவங்கள்னு லியோதோ கை வளர்ந்தது இந்தத் தூண்டுதலுக்கு அப்புறம்தான்.

கலை வரலாற்றுப் புத்தகங்கள்ல இது 'பீட்டர்ஸ் லியோதோவைக் கண்டுபிடித்தார்'னு ஒரே வரியில முடிஞ்சிடும். எனக்கு உதைக்கிற இடம் இதுதாங்க. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடிச்ச மாதிரி! அந்த ஆளுக்கு அப்ப 54 வயசு. ஊர்ல யார் செத்தாலும் அவர் பட்டறை வாசல்ல வந்து நிப்பாங்க. அவரை யாரும் தொலைக்கவே இல்லையே, எங்கிருந்து கண்டுபிடிக்கிறது?

பீட்டர்ஸைக் குறை சொல்லல. காசு கொடுத்து வாங்க ஆளையும் வெளியில காட்ட ஒரு இடத்தையும் ஏற்படுத்தினது அவர்தான், அது சின்ன விஷயம் இல்ல. ஆனா கூடவே 'நாயிவ்', 'பிரிமிட்டிவ்'னு ரெண்டு முத்திரையும் ஒட்டிக்கிச்சு. முறையா கத்துக்காதவன், வெகுளின்னு அர்த்தம். இரும்பு எந்தச் சூட்டுல வளையும், எந்த அடியில விரிசல் விடும்னு ஆயுசு முழுக்கக் கத்துக்கிட்டவனை 'கத்துக்காதவன்'னு சொல்ல எவ்வளவு படிச்சிருக்கணும் பாருங்க :-(

எப்படிச் செய்றாங்க?

பட்டறைப் பிரியர்களுக்காக இந்தப் பகுதி. முதல்ல டிரம்மோட ரெண்டு மூடியையும் உளி வச்சு எடுத்துடுவாங்க. மூடி வீணாகாது, வட்டமான சின்ன வேலைக்கு, சூரியன் முகம் மாதிரி, அது போதும். அடுத்து டிரம்முக்குள்ள காய்ஞ்ச வாழைச்சருகையோ கரும்புத்தோகையையோ திணிச்சுத் தீ வைப்பாங்க. ஒட்டியிருக்கிற எண்ணெய், பெயின்ட் எல்லாம் எரிஞ்சு போயிடும். ஆறினதும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா பிளந்து, ஆள் உள்ள இறங்கி காலாலயும் உடம்பு எடையாலயும் நெம்பி விரிச்சு, சுத்தியலால அடிச்சுச் சமமாக்குவாங்க.

கணக்கு பார்ப்போமா? டிரம்மோட விட்டம் ஏறக்குறைய 23 அங்குலம். பையால பெருக்கினா 72 அங்குலம், ஆறடி. உயரம் மூணடிக்குக் கொஞ்சம் கம்மி. ஆக ஒரு டிரம்முக்கு மூணுக்கு ஆறடித் தகடு ஒண்ணு. ஒரு ஆளை முழு உயரத்துல வரையலாம். இந்தக் கலையோட பெரிய வேலைகள் பலதும் அதே நீள அகலத்துல இருக்கக் காரணம் நெல்லி பிளை கம்பெனி வழியா வந்த பீப்பாய்தான் :-)

தகட்டுல சாக்பீஸால வரைஞ்சு, உளியும் சுத்தியலும் வச்சுக் கோட்டு மேலயே வெட்டிட்டுப் போவாங்க. பெருசு சின்னதுன்னு விதவிதமா உளி. பிறகு பின்பக்கத்துல இருந்து தட்டி மேடு பள்ளம் எழுப்பறது. செதில், இறகு, கண் இமை எல்லாம் இந்தத் தட்டல்லதான் வரும். அரம் போட்டு ஓரம் மழுக்கி, துரு பிடிக்காம வார்னிஷ் பூசி, உளியாலயே கையெழுத்து. மரபான முறையில வெல்டிங்கும் கிடையாது, கரண்டும் கிடையாது.

ஏன் டிரம்? புதுத் தகடு வாங்க வசதி இல்ல, அவ்வளவுதான். அந்த வசதியின்மைக்கும் வரலாறு உண்டு. விடுதலை வாங்கின அடிமைகள்கிட்ட 'எங்க சொத்து போச்சு'ன்னு 1825ல பிரான்ஸ் போர்க்கப்பலை நிறுத்தி 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டுச்சு. அந்த 'சொத்து'ல அவங்களே அடக்கம்! பின்னாடி 9 கோடியா குறைச்சாங்க. அதைக் கட்ட வாங்கின கடனோட கடைசித் தவணை 1947ல தான் முடிஞ்சது. நாடே அடுத்தவன் கழிச்சுப் போட்டதுல பிழைக்க வேண்டியிருந்தப்ப, கொல்லர் மட்டும் என்ன பண்ணுவார்? இது 'ரீசைக்கிளிங்'னு நாகரிகப் பேர் வர்றதுக்கு ரொம்ப முந்தின கதை. நம்ம கொல்லர்கள் லாரிப் பட்டையில அருவாள் அடிக்கிறதும் இதே கணக்குதானே.

கை மாறின கலை

லியோதோவோட நின்னிருந்தா இது ஒரு தனி மனுஷன் கதை. அவரைப் பார்த்து மியூரா ப்ரியேர் வந்தார். அவர் வெட்டினது ஒரு உருவத்துக்குள்ள இன்னொரு உருவம் ஒளிஞ்சிருக்கிற மாதிரி விசித்திர வேலைகள். 50 வயசுல, 1988ல இறந்துட்டார். லூயிஜுஸ்த் சகோதரர்கள் வந்தாங்க. அவங்க பட்டறையில செர்ஜ் ஜோலிமோ, காப்ரியேல் பியெனைமே மாதிரி அடுத்த தலைமுறை கத்துக்கிச்சு. பியெனைமே அதுக்கு முன்னாடி கார் மெக்கானிக். தகட்டைத் தட்டையா விடாம மடிச்சு முன்னுக்கு வளைச்சு விட்டவர் அவர். க்ருவா-தே-பூக்கேல நோவாய்ங்கிற பகுதி முழுக்கப் பட்டறையாச்சு. வகுப்பு கிடையாது, சான்றிதழ் கிடையாது. சின்னப் பையன் டிரம் எரிக்கிறதுல ஆரம்பிச்சு, அரம் போட்டு, ஒரு நாள் உளி பிடிப்பான்.

1989ல பாரிஸ் பாம்பிடூ மையத்துல 'பூமியின் மந்திரவாதிகள்'னு ஒரு பெரிய கண்காட்சி நடந்துச்சு. லியோதோ, பியெனைமே ரெண்டு பேர் வேலையும் அங்க இருந்துச்சு. நம்ம மதுபனி ஓவியர் பௌவா தேவியும் அதுல உண்டு. ரெண்டு வருஷம் கழிச்சு 1991ல லியோதோ இறந்தார்.

அதே 1991ல ஆட்சிக் கவிழ்ப்பு, தொடர்ந்து 1994 வரைக்கும் பொருளாதாரத் தடை. அதுக்கு முன்னாடியே 1980-கள்ல எய்ட்ஸ் பயத்துல ஹைட்டிக்காரங்க மேல முத்திரை குத்தினதுல சுற்றுலா படுத்திருந்தது. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துல பீட்டர்ஸ் தொடங்கின கலை மையத்தோட கட்டடமே இடிஞ்சு, படைப்புகளை இடிபாட்டுல இருந்து பொறுக்கி எடுத்தாங்க. அதுக்கப்புறம் மேசிஸ் மாதிரி அமெரிக்கக் கடைகள் ஹைட்டிக் கைவினைப் பொருட்களை விற்க முன்வந்தது, கொஞ்ச நாள் மூச்சு விட முடிஞ்சது. ஒவ்வொரு தடவையும் விழுந்து எழுந்திருக்காங்க.

ஆனா இப்ப நடக்கிறது வேற மாதிரி. '400 மவோசோ'ன்னு ஒரு ஆயுதக் கும்பலோட கோட்டையா க்ருவா-தே-பூக்கே மாறிடுச்சு. 2021 அக்டோபர்ல 17 வெளிநாட்டு மிஷனரிகளைக் கடத்தினது இவங்கதான். நிலநடுக்கம் வீட்டை இடிக்கும், ஆனா ஆள் அங்கயே இருப்பான். கும்பல் ஆளையே கிளப்பிடும். நோவாய் கைவினைஞர்கள் பல பேர் பட்டறையை விட்டுட்டு ஓட வேண்டியதாச்சு. வாங்க வர்றவனும் வர முடியாது, டிரம் ஏத்தின வண்டியும் வர முடியாது.

உளியும் சுத்தியலும் எங்க வேணும்னாலும் வாங்கிக்கலாம். ஆனா நாலு பட்டறை பக்கத்துப் பக்கத்துல இருந்து, ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் எட்டிப் பார்த்து, பையன் ரெண்டு வீட்டுக்கும் போயிட்டு வந்து கத்துக்கிற ஏற்பாட்டை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போக முடியாது. இன்னொரு பக்கம், மெஷின்ல வெட்டின இதே மாதிரித் தகடு கடைகள்ல மலிவா கிடைக்குது. அதோட ஓரத்துல உளித் தடம் இருக்காது, உளியால வெட்டின கையெழுத்தும் இருக்காது. வாங்குறவன் ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காட்டி, திரும்பி வந்து பட்டறை திறக்கிறவனுக்கும் பிழைப்பு இல்ல.

அதனால எங்கயாவது இப்படி ஒரு தகட்டைப் பார்த்தீங்கன்னா ஓரத்தைத் தடவிப் பாருங்க, பேர் வெட்டியிருக்கான்னு தேடுங்க. இருந்தா அந்தப் பேரைச் சொல்லி நாலு வரி எழுதுங்க.

பி.கு.: உங்க ஊர்ல லாரிப் பட்டை, பழைய தண்டவாளம், டிரம்னு எதை வச்சாவது அடிக்கிற பட்டறை இன்னும் இருக்கா? இருந்தா, 'கண்டுபிடிக்க' யாராவது வர்ற வரைக்கும் காத்திருக்காம ஒரு பதிவு போடுங்கப்பு. பின்னூட்டத்துல சுட்டி கொடுத்தா வந்து படிக்கிறேன்.