மார்பகப் புற்றுநோயின் புரதக் குறிப்பான்கள்: முன்கணிப்பிலிருந்து மருந்துத் தேர்வு வரை

முன்னுரை

மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் ஒரு புரதத்தை அளந்து பார்ப்பது இரண்டு கேள்விகளுக்கு விடை தேடவே: நோய் எப்படிப் போகும்? எந்த மருந்துக்குக் கட்டுப்படும்? முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் குறிப்பானால் நோயாளிக்குப் பெரும்பயன் இல்லை. இரண்டாவதற்கும் விடை சொல்லும்போதே அது உயிர்காக்கும் கருவியாகிறது. அந்த விடையும் நிலையானதன்று, சிகிச்சையின் போக்கில் மாறக்கூடியது என்பதை மூன்று புரதங்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

1. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி

முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களின் சூலகங்களை அகற்றினால் கட்டி சுருங்கக்கூடும் என்பதை, கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-இல் லான்செட் இதழில் பதிவுசெய்தார். பின்வந்தோர் அனுபவத்தில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே பலன் கிட்டியது. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே அறிய வழியில்லாததால், மற்ற இருவரும் பயனற்ற அறுவைக்கு உள்ளானார்கள்.

1950-களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன், சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனான எஸ்ட்ராடயாலில் கதிரியக்க ட்ரிட்டியத்தை ஏற்றி விலங்குகளுக்குச் செலுத்தினார். கருப்பை போன்ற சில திசுக்களே அதைப் பற்றி வைத்துக்கொண்டன. பற்றும் அந்தப் புரதமே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஏற்பி மிகுந்த கட்டிகளே ஹார்மோன் சுரப்பிகளை அகற்றும் சிகிச்சைக்குப் பெரிதும் இணங்குகின்றன என்பதை 1970-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கருத்தடை ஆய்வில் பிறந்த டாமாக்சிஃபென் மருந்து அதே காலத்தில் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் சோதிக்கப்பட்டது. ஏற்பியுள்ள நோயாளிகள் அதை ஐந்தாண்டு உட்கொண்டால், மார்பகப் புற்றுநோயால் நேரும் ஆண்டு இறப்பு வீதம் 31 விழுக்காடு குறைகிறது என 2005-இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வு உறுதிசெய்தது. ஏற்பி இல்லாதோருக்கு அப்பயன் இல்லை.

2. ஹெர்-2

1987-இல் டென்னிஸ் ஸ்லாமனும் உடன் ஆய்வாளர்களும் 189 கட்டிகளை ஆராய்ந்தனர். அவற்றில் சுமார் 30 விழுக்காட்டில் ஹெர்-2 மரபணு பல படிகளாகப் பெருகியிருந்தது. அவ்வகை நோயாளிகளுக்கு நோய் விரைவில் மீண்டது, ஆயுளும் குறைந்தது. ஹெர்-2 பெருகிய கட்டிகளின் விகிதம் இன்று 15 முதல் 20 விழுக்காடு வரை எனக் கருதப்படுகிறது.

அம்மரபணு உருவாக்கும் ஹெர்-2 புரதத்தையே இலக்காகக் கொண்ட டிராஸ்டுசுமாப் எதிர்ப்பொருளுக்கு 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கீமோதெரபியுடன் அதைச் சேர்த்தபோது, பரவிய நோயில் இடைநிலை ஆயுட்காலம் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாக உயர்ந்தது. தொடக்கநிலை நோயில் மறுதோற்றத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக 2005-இன் ஆய்வுகள் காட்டின. மிக மோசமான முன்கணிப்பைச் சொன்ன புரதமே மருந்து புகும் வாயிலானது.

3. மருந்து எதிர்ப்பு

எல்லாப் புரதமும் இப்படி வசப்படவில்லை. 1976-இல் டொரண்டோவில் ஜூலியானோ, லிங் இருவரும் பி-கிளைக்கோபுரதத்தை விவரித்தனர். செல்சவ்வில் அமர்ந்து ஆந்த்ராசைக்ளின், டாக்சேன் போன்ற மருந்துகளை வெளியேற்றும் புரதம் அது. அதைத் தடுக்கும் மருந்துகள் ஆய்வகத்தில் வென்றன. நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் தரவில்லை. குடல், ஈரல், சிறுநீரகம் ஆகியவையும் இப்புரதத்தைக் கொண்டே நச்சுகளை வெளியேற்றுவதால், அதைத் தடுத்தபோது மருந்தின் நச்சுத்தன்மை உடல் முழுவதும் கூடியது. மார்பகப் புற்றுநோயில் இன்றும் இது வழக்கமான சோதனையாகவில்லை.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. அரோமடேஸ் தடுப்பான்கள் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. அந்த நெருக்கடியில், ஹார்மோன் இல்லாமலேயே இயங்கும் திரிபுற்ற ஏற்பியுடைய செல்கள் மேலோங்குவதை 2013-இல் பல ஆய்வுக்குழுக்கள் கண்டன. முதல் கட்டியில் அரிதான இத்திரிபு, சிகிச்சைக்குப் பின் பரவிய நோயில் அடிக்கடி தென்படுகிறது. இரத்தத்திலேயே அதைக் கண்டறியலாம். இத்திரிபு உள்ளோருக்கான எலசெஸ்ட்ரன்ட் மருந்து 2023-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

முடிவுரை

குறிப்பானின் பொருளை அக்காலத்து மருந்தும் தீர்மானிக்கிறது. நெடுங்காலம் ‘ஹெர்-2 இல்லை’ என்று ஒதுக்கப்பட்ட, அப்புரதம் குறைந்த அளவில் உள்ள கட்டிகளும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் மருந்துக்கு இணங்குவதை 2022-இன் ஆய்வு காட்டியது: நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் 5.1 மாதங்களிலிருந்து 9.9 மாதங்களாக நீண்டது. ஆகவே நோய் கண்ட நாளில் எடுத்த முதல் திசு அறிக்கையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. நோய் மீளும்போது, இயன்ற இடமெல்லாம் திசுவையும் இரத்தத்தையும் மீண்டும் சோதிப்பது நோயாளிக்குரிய உரிமை. அதற்கான செலவையும் சிகிச்சைச் செலவின் பகுதியாகவே திட்டமிட வேண்டும்.