பூனைகளுக்கான வலிநீக்கம்

பூனைகளுக்கான வலிநீக்கம் என்பது காயமுற்ற பூனையின் வலியைத் தீங்கின்றித் தணிக்கும் கால்நடை மருத்துவ முறையாகும். மனிதர் உட்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும். அம்மருந்தைக் குளுகுரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்ற உதவும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. இதனால் உருவாகும் நச்சுப்பொருள் குருதியிலுள்ள ஈமோகுளோபினை மாற்றி, ஆக்சிசன் கடத்தப்படுவதைத் தடுக்கிறது. ஈறுகள் பழுப்பு நிறமாதல், முகமும் பாதங்களும் வீங்குதல், மூச்சுத்திணறல் ஆகியன இதன் அறிகுறிகளாகும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் போக்கக்கூடும். அசிட்டைல்சிசுட்டீன் இதற்கு முறிமருந்தாகும்.

மெலோக்சிகாம், பியூப்ரெனார்பின் முதலிய மருந்துகளைக் கால்நடை மருத்துவர் பூனையின் எடைக்கேற்ப அளிப்பர். நீரிழப்போ சிறுநீரக நோயோ உள்ள பூனைக்கு மெலோக்சிகாம் தீங்கு விளைவிக்கலாம். மருத்துவரை அடையும்வரை பூனையைத் துணி விரித்த பெட்டியில் அசைவின்றி, கதகதப்பாக வைத்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் பூனைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.