கூப்பனும் குடும்ப அட்டையும்: மதுரை மளிகைக் கணக்கின் வரலாறு

மளிகைச் செலவைக் குறைக்கும் கூப்பன் என்றால், மேலை நாடுகளில் அது நாளிதழிலிருந்து கத்தரித்துக் கடைக்குக் கொண்டு போகும் தள்ளுபடிச் சீட்டு. தமிழ்நாட்டில் அந்த வழக்கம் பெரிதாக வேர்விடவில்லை. மதுரை ஆரப்பாளையம் போன்ற பகுதிகளில் ஆலைத் தொழிலாளர்களும் கூலி வேலைக்காரர்களும் வாடகைக் குடித்தனம் நடத்தினார்கள். அங்கே பலசரக்குக் கடைக்காரர் தந்த பெரிய சலுகை, நோட்டில் எழுதிக்கொண்டு மாதச் சம்பளம் வரும்வரை பொறுத்திருப்பதுதான். விலையைக் குறைத்த தாள் கடையிலிருந்து வரவில்லை, அரசிடமிருந்து வந்தது. ஆகவே இங்கே கூப்பனின் வரலாறு, யார் பெயர் அந்தத் தாளில் ஏறியது என்பதன் வரலாறாகவே இருக்கிறது.

தொடக்கம் இரண்டாம் உலகப் போர். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம். அதே ஆண்டு உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பங்கீட்டு முறையைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. 1941 கணக்கெடுப்பிலேயே இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த மதுரை இந்த வரம்புக்குள் வரும் நகரம். தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் ஏற்பாடு அது. சேமிப்பு அதன் நோக்கமல்ல, பட்டினியைத் தள்ளிப்போடுவதே நோக்கம். 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி சென்னை மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு மீண்டும் கடுமையானது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது திமுக. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி சென்னையிலும் கோவையிலும் மட்டுமே தொடங்கியது. மில் நகரமான மதுரைக்கு அது எட்டவில்லை.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. கொள்முதலும் கிடங்கும் அதன் பொறுப்பாக, கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தின. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும், எல்லாருக்கும் உண்டு என்ற முறையைத் தமிழ்நாடு விடவில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாயான அரிசி, 2011 ஜூனில் விலையில்லா அரிசியானது. ஆனால் மளிகைக் கணக்கில் அதிகம் உணரப்பட்டது 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டம் என்றே சொல்லலாம். வெளியில் நூறு ரூபாயைத் தாண்டிய காலத்திலும் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்.

அட்டையைப் பயன்படுத்தவும் ஒரு சாமர்த்தியம் வேண்டியிருந்தது. அரிசி அட்டையா, அரிசிக்குப் பதில் கூடுதலாகச் சர்க்கரை வாங்கும் அட்டையா என்று குடும்பமே தேர்ந்துகொள்ளலாம். எரிவாயு இணைப்பு வாங்கினால் அட்டையில் முத்திரை விழும், மண்ணெண்ணெய் குறையும். பொங்கல் பரிசு அரிசி அட்டைக்கே என்றானதும் சர்க்கரை அட்டை வைத்திருந்தவர்களுக்குத் தாங்கள் செய்த தேர்வு நட்டமாகப் பட்டது. 2019 நவம்பரில் அவர்கள் மாறிக்கொள்ள அரசு சில நாள் அவகாசம் தந்தது. இதற்கிடையே 2005இல் கொடுத்த அட்டை, புதிது அச்சாகாமல் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஒட்டித் தடித்துப்போய், 2017இல்தான் மின்னணு அட்டைக்கு இடம் விட்டது.

கூப்பன் என்ற சொல்லுக்கு மிக நெருங்கியது டோக்கன். 2020 ஊரடங்கில் கடையில் கூட்டம் சேராதிருக்க, வர வேண்டிய நாளும் நேரமும் எழுதிய சீட்டு வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. 2021 பொங்கலுக்கு அட்டைக்கு 2,500 ரூபாய் என்றபோது அந்தச் சின்னத் தாளுக்கு அரசியல் மதிப்பும் வந்தது. ஆளுங்கட்சித் தலைவர்களின் படம் போட்ட டோக்கன்கள் வழங்கப்படுவதாகத் திமுக உயர் நீதிமன்றம் சென்றது. அதிகாரப்பூர்வ டோக்கன் மட்டுமே செல்லும் என்றது அரசு.

இந்த முறையில் அதிகம் அலைந்தவர்கள் வாடகைக்காரர்கள். ஆரப்பாளையத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் செல்லூருக்குக் குடிபெயர்ந்தால்கூட முகவரியை மாற்ற வேண்டும், அதற்குச் சான்று வேண்டும். மாறும்வரை பழைய கடைக்கே நடை. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' நடைமுறைக்கு வந்தபின் வேறு கடையிலும் வாங்க வழி பிறந்தது. கூடவே கைரேகைப் பதிவும் வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்க மறுத்தபோது, கருவிழிப் பதிவும், வர முடியாதவர் தம் சார்பில் ஒருவரை அனுப்பும் படிவமும் சேர்க்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்கள் வீட்டுக்கே போகின்றன.