சேலத்து வக்கீலின் கேள்வியும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும்

1820-களில், ஆளைப் படுக்கையில் தள்ளும் காய்ச்சல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய மருத்துவர்களுக்கு உறுதியான வழியில்லை. காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும் எலிக்காய்ச்சலை ஜெர்மானியரான அடால்ஃப் வைல் 1886-இல் தனி நோயாக விவரித்தார். அதன் கிருமியான லெப்டோஸ்பைராவை ஜப்பானில் இனாடாவும் இடோவும் 1915-இல் கண்டுபிடித்தார்கள். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து காலின் வெடிப்பு வழியே புகும் கிருமி இது. கொன்ற கிருமியால் செய்த ஊசிகள் விரைவிலேயே வந்தன. ஆனால் 250-க்கும் மேற்பட்ட வகைகளில் எதைக் கொன்று ஊசியாக்கினார்களோ, பெரும்பாலும் அதை மட்டுமே அவை தடுத்தன.

அந்தக் குறையைத் தாண்டத்தான் உயிருள்ள, வலுவிழந்த கிருமியை நாடுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் எல்சியோ வுண்டர், ஆல்பர்ட் கோ குழுவினர், நீந்தத் தேவையான ஒரு புரதம் இல்லாத லெப்டோஸ்பைராவை ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்குகளுக்குச் செலுத்தி 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். அது உடலில் சில நாள் இருந்து அழிந்தது. பிறகு வேறு இன லெப்டோஸ்பைராவிடமிருந்தும் அவற்றைக் காத்தது. அப்படியானால் மனிதருக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். தமிழகத்தின் அனுபவம் நிதானிக்கச் சொல்கிறது.

காசநோய்க்கான பி.சி.ஜி.யும் உயிருள்ள கிருமிதான். கால்மெட்டும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்தது அது. கிண்டியில் 1948-இல் அதற்கென ஆய்வகம் எழுந்தது. ஊர் ஊராக ஊசி போடத் தொடங்கிய பிறகு, 1955-இல் எதிர்த்து எழுதினார் ராஜாஜி. சேர்வராயன் மலையடிவாரத்துச் சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-இல் நகராட்சித் தலைவரானவர் அவர். நலமாக உள்ள பிள்ளைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்தப் போதிய சான்று உண்டா என்பதே அவர் வாதத்தின் சாரம். அவருடைய அச்சம் மிகை, கேள்வி நியாயம். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் சோதனையில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக் கிருமிகள் மக்களின் உடலுக்கு முன்பே பழகியிருந்ததால் பலன் வெளிப்படாமல் போயிருக்கலாம் என்பது ஒரு முக்கிய விளக்கம். குழந்தைகளுக்கு மூளைவரை பரவும் கடுமையான காசநோயைத் தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம்.

எலிக்காய்ச்சலிலும் இதே சிக்கல் எழக்கூடும். ஆய்வகத்து ஹாம்ஸ்டர் லெப்டோஸ்பைராவை அறியாதது. சேற்றில் இறங்கும் உழவரின் உடலோ சில வகைகளை முன்பே சந்தித்திருக்கலாம். காத்திருந்தால் உயிர்கள் போகுமே என்பது வலுவான மறுப்பு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரை இந்நோய் தாக்குகிறது, ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2015-இல் வெளியான மதிப்பீடு. ஆனால் டாக்ஸிசைக்ளின் மருந்து, ரப்பர் பூட்ஸ், எலி ஒழிப்பு ஆகியவை இப்போதே கையில் இருக்கின்றன; பலன் தராத ஊசியோ பொய்யான தைரியம் தந்து அவற்றைக் கைவிடச் செய்யும். வலுவிழந்த கிருமி மீண்டும் வலுப்பெறாதா என்பது இன்னொரு ஐயம். பி.சி.ஜி.யில் எது மாறியது என்று அன்று யாருக்கும் தெரியாது. இங்கே செயலிழந்த மரபணு எது என்று தெரியும், அதனால் கண்காணிப்பது எளிது. ஆகவே உயிருள்ள ஊசியை வெறுக்கக் காரணமில்லை. நம் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, செங்கல்பட்டைப் போல அளந்து பார்க்காமல் அதை ஏற்கவும் காரணமில்லை.