ஆலப்புழையில் பிறந்த பெட்டி

ஆர்மோனியத் துருத்தியில் காற்று கசியக் கூடாது; கேமராத் துருத்தியில் வெளிச்சம் கசியக் கூடாது. கைவேலை ஏறக்குறைய ஒன்றுதான். 1940களில் ஆலப்புழையில், இசைக்கருவிப் பட்டறை நடத்திய ஒரு குடும்பத்திடம் துருத்தி கெட்டுப்போன சீமைக் கேமரா ஒன்று பழுதுபார்க்க வந்தது. அதைச் சரிசெய்த கே. கருணாகரன், பிறகு தாமே ஒரு கேமரா செய்யத் துணிந்தார். தேக்குச் சட்டமும் பித்தளைத் திருகுகளுமாக வாகீஸ்வரி கேமரா இப்படித்தான் பிறந்தது. 1980கள் வரை அது ஊர் ஊராக ஸ்டுடியோக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன் தலையெழுத்துதான் வேடிக்கை. அமைப்பில் அது ‘ஃபீல்டு கேமரா’. மடக்கிப் பெட்டிக்குள் வைத்து வெளியூருக்குத் தூக்கிப் போகலாம். லென்ஸ் பூட்டிய முன்பலகையை மேலே ஏற்றலாம். ஆனால் ஸ்டுடியோவுக்குள் வந்தது திரைச்சீலைக்கு எதிரே ஸ்டாண்டில் ஏறியதோடு சரி. கல்யாண ஜோடியைப் படமெடுக்க முன்பலகையை ஏற்றி என்ன ஆகப்போகிறது?

முன்பலகையை ஏற்றும் அந்தத் திருகின் அருமை புதுச்சேரித் தெருவில் தெரியும். ‘கோல்கொண்டே’ என்ற ஆசிரம விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937இல் கட்டத் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். முகப்பு முழுக்க அடுக்கடுக்காகப் படுக்கைப் பலகைகள், எல்லாம் நேர்க்கோடு. நினைத்தபோது உள்ளே போய்ப் படமெடுக்க முடியாது, தெருவில் நின்றுதான் எடுக்க வேண்டும். உச்சி தெரியவில்லை என்று கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். துய்மா வீதியில் 1855இல் கட்டி முடித்த தேவதைகளின் அன்னை ஆலயக் கோபுரங்களுக்கும் இதே கதிதான்.

கணக்கு எளிது. சுவர் 9 மீட்டர் தள்ளி இருக்கிறது, லென்ஸ் 90 மி.மீ., 4×5 அங்குல ஃபிலிமை நெட்டாக வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஃபிலிமில் 12 மீட்டர் உயரம் அடங்கும். ஆனால் கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் மட்டமாக நிற்பதால் சுவர் ஏழரை மீட்டர்தான் தெரியும். மீதியெல்லாம் தார் ரோடு. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் ஒரு சென்டிமீட்டர் ஏற்றினால் படத்தின் மேல் விளிம்பு ஒரு மீட்டர் உயரும். மூன்று ஏற்றினால் பத்தரை மீட்டர், கோடுகளும் நேராகவே நிற்கும். அதற்கு லென்ஸ் விழுத்தும் ஒளிவட்டம் 205 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 216 மி.மீ. தரும் பழைய சூப்பர் ஆங்குலான் எஃப்/8 லென்ஸ் போதும். லென்ஸ் வாங்கும்போது எல்லாரும் எண்ணுவது துளையின் அளவை; பார்க்க வேண்டியது இந்த வட்டத்தை.

துருத்தியே இல்லாத, இறுகிய உடலோடு வரும் ஷிஃப்ட் கேமராக்களும் உண்டு. சட்டென்று எடுக்கலாம், கடற்காற்றில் பூஞ்சை பிடிக்கத் துருத்தி கிடையாது. இருந்தாலும் என் ஓட்டு மடக்கும் மரப்பெட்டிக்கே. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாகத் தெரியும் சுவரில் கோடு நேராகிவிட்டதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வாகீஸ்வரியையே தூக்கிக்கொண்டு பயணம் போகச் சொல்ல மாட்டேன். ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய பெரிய தட்டு அளவுகளுக்கு இன்று ஃபிலிம் கிடைப்பது அரிது, கனமும் அதிகம். 4×5க்கு இல்ஃபோர்டு எச்பி5 இன்னமும் வருகிறது.

அதுபோன்ற பழைய பெட்டிகளில் எடுத்த படங்கள் சில புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன. செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் தேடி டிஜிட்டலாக்கியது. உங்கள் ஊரில் மூடிய ஸ்டுடியோவின் பரணில் கண்ணாடித் தட்டுகள் கிடந்தால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம், படலம் உரிந்துவிடும். காகிதத்தில் சுற்றி, நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டு, அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.